தரைக்கு அடியில் போகும் கேபிள்

அமெரிக்க மரவீடுகள் பலவற்றில் தரைப்பலகைக்கும் மண்ணுக்கும் நடுவே ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இடம் விட்டிருப்பார்கள். கிரால்ஸ்பேஸ் எனப்படும் அந்த இருட்டுக்குள்தான் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் மின்கேபிளும் ஓடுகின்றன. அங்கே கேபிள் இழுக்க அந்நாட்டின் தேசிய மின் விதித்தொகுப்பு போடும் நிபந்தனைகள், அவசரத்தில் இருக்கும் வீட்டுக்காரருக்கு வெறும் கெடுபிடியாகத் தோன்றலாம். வீட்டு வயரிங் கடந்துவந்த நூறாண்டைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. ஒரு காலத்தில் காற்று செய்த காவல் வேலையை, அந்தக் காற்றிடைவெளி போன பிறகு, கேபிளின் உறையும் அது போகும் பாதையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. உறையால் முடியாததைப் பாதையிடம் கேட்கின்றன அந்த நிபந்தனைகள்.

1880களிலிருந்து 1930கள் வரை அங்கே பரவலாக இருந்தது பீங்கான் குமிழ் வயரிங். போகும் வயரும் திரும்பும் வயரும் தனித்தனியே குமிழ்களில் கட்டப்பட்டு, மரத்தைத் துளைக்கும் இடத்தில் பீங்கான் குழாய்க்குள் நுழைந்து செல்லும். வயருக்கும் வயருக்கும் 3 அங்குலம், மரத்துக்கு 1 அங்குலம் என்ற கணக்கு இன்றைய விதித்தொகுப்பிலும் இருக்கிறது. ரப்பருக்கு மேல் பருத்தி நூல் பின்னிய எளிய காப்புதான். ஆனால் சூட்டைக் காற்று வாங்கிக்கொண்டது. எலி ஒரு வயரைக் கடித்தாலும் மற்றது எட்டாத தூரத்தில் இருந்தது. இந்த முறையின் விலை, ஆள்கூலி. நியூயார்க் மாநிலத்தின் ரோம் நகரில் இருந்த ரோம் வயர் கம்பெனி 1922இல் ரோமெக்ஸ் கேபிளைக் கொண்டுவந்தது. உலோகமற்ற உறை கொண்ட அவ்வகைக் கேபிள் 1926இல் விதித்தொகுப்பில் இடம்பெற்றது. இரண்டு வயரும் ஒரே உறைக்குள் வந்ததால் ஆணி அடித்துக்கொண்டே போய்விடலாம். மின்சாரம் எளிய வீடுகளுக்குள்ளும் நுழைய இது உதவியது, மறுப்பதற்கில்லை. ஆனால் 3 அங்குல இடைவெளி மெல்லிய காப்பின் கனத்துக்குச் சுருங்கிவிட்டது.

இப்போது கிரால்ஸ்பேஸ் நிபந்தனையைப் படிக்கலாம். 6 கேஜ் வயர் இரண்டோ 8 கேஜ் வயர் மூன்றோ கொண்ட கேபிளையும் அதைவிடத் தடித்ததையும் விட்டங்களின் அடிவிளிம்பில் நேராக அடிக்கலாம். விளக்குக்கும் பிளக்குக்கும் போகும் மெல்லிய கேபிளுக்கு அந்த உரிமை இல்லை. விட்டத்தைத் துளைத்து அதன் வழியாகப் போக வேண்டும், இல்லையேல் விட்டங்களுக்குக் குறுக்கே பலகை அடித்து அதன்மேல் போக வேண்டும். துளை விளிம்பிலிருந்து 1¼ அங்குலம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். முடியாவிட்டால் ஆணி இறங்காதபடி இரும்புத் தகடு. தவழ்கிறவரின் முதுகு உரசும், யாரோ எதையோ மாட்டுவார்கள், மேலே தரைக்கு ஆணி அடிப்பார்கள் என்று எல்லாம் எதிர்பார்த்து எழுதிய விதி இது. பழைய குமிழ் வயரிங்கே மேல் என்பாரும் உண்டு. அதில் எர்த் வயர் கிடையாது; ரப்பர் காலப்போக்கில் பொடிந்துபோகும்; சுற்றிலும் வெப்பக்காப்புப் பஞ்சை நிரப்பினால் குளிர்விக்கும் காற்றே அடைபட்டுவிடும். அதற்குத் திரும்பச் சொல்வது என் வாதம் அல்ல.

இன்னும் வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இன்றைய பிளாஸ்டிக் உறை பழைய துணி உறையைவிட எவ்வளவோ மேலானது, பிறகு பாதையைப் பற்றி ஏன் கவலை? உறை மேலானதுதான். ஆனால் வீட்டுக்குள் போடும் சாதாரணக் கேபிளில் எர்த் வயரைச் சுற்றிக் காகிதம் இருக்கும். ஈரம் ஓரிடத்தில் புகுந்தால் காகிதம் அதை உறிஞ்சி நெடுகக் கொண்டுபோகும். அதனால் ஈரமான இடத்தில் அந்தக் கேபிளுக்கே அனுமதி இல்லை. மண் வியர்க்கும் கிரால்ஸ்பேஸுக்கு வேண்டியது, வயர்கள் திடமான பிளாஸ்டிக்கிலேயே பதிந்திருக்கும் யூஎஃப் கேபிள். மண்ணில் நேராகப் புதைக்கவும் தகுந்தது. இத்தனை உறுதியானதையும் வீட்டுக்குள் ஓட்டும்போது சாதாரணக் கேபிளுக்குரிய பாதை விதியே கட்டுப்படுத்துகிறது. உறை எவ்வளவு தேறினாலும் பாதையின் பொறுப்பை விதித்தொகுப்பு தளர்த்தவில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம். அதோடு, ஈரமண்ணில் படுத்து வேலை செய்பவரின் உடலே எர்த் ஆகிவிடும் என்பதால், சில மில்லியாம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனத்தை இங்குள்ள பிளக்குகளுக்கு 1990இலும் விளக்குகளுக்கு 2017இலும் கட்டாயமாக்கினார்கள்.