டிரெட்டா பஜாரில் ஒரு விடியல்

கொல்கத்தாவின் லால்பஜார் காவல் தலைமையகத்துக்கு அருகே, விடிகாலையில் ஒரு சிறு சந்தை கூடுகிறது. டிரெட்டா பஜார் என்பது பெயர். வெயில் ஏறுமுன் கலைந்துவிடும் என்று சொல்லியிருந்ததால், ஒரு ஞாயிறன்று ஆறு மணிக்கே போய் நின்றோம். மீன் உருண்டைகள் மிதக்கும் சூப்பும், பன்றியிறைச்சி பொதிந்து ஆவியில் வேகவைத்த பன்களும் தெருவோரத்தில் விற்பனையாகின்றன. சீன முகங்களைத்தான் தேட வேண்டியிருந்தது. வந்திருந்தவர்களில் பலர் எங்களைப் போல் வேடிக்கை பார்க்க வந்தவர்கள்.

பஜாரின் பெயர் எட்வர்ட் டிரெட்டா என்ற வெனிஸ்காரருடையது. சீனர்களின் கதையோ நகருக்குத் தெற்கே, ஹூக்ளிக் கரையில் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டாங் ஆச்சூ என்ற வணிகர் வாரன் ஹேஸ்டிங்ஸிடமிருந்து பஜ்பஜுக்கு அருகே நிலம் பெற்றுக் கரும்பு பயிரிட்டார். சர்க்கரை ஆலையும் நடத்தினார். அவர் பெயரால் அவ்வூர் ஆச்சிப்பூர் ஆயிற்று. சீனப் புத்தாண்டையொட்டி இன்றும் அவர் கல்லறைக்கு மக்கள் செல்கிறார்கள். வங்காளியர் சர்க்கரையைச் 'சினி' என்பதற்கு ஆச்சூவே காரணம் என்றொரு கதை உண்டு. நம்ப வேண்டியதில்லை, அச்சொல் அவருக்கு வெகுகாலம் முந்தியது. ஆனாலும் 'சீனி' என்று சொல்லி வளர்ந்த தென்மாவட்டத்துக்காரர்களான எங்களுக்கு அந்தக் கதை இனித்தது.

பின்னர் வந்தவர்கள் தொழிலால் பிரிந்து நின்றார்கள். கான்டனியர் தச்சர்கள், ஹூபேய்க்காரர்கள் பல் மருத்துவர்கள், ஹக்காக்கள் காலணி தைத்தார்கள், தோல் பதனிட்டார்கள். அவரவர்க்குத் தனிக் கோயில்களும் இருந்தன. அவற்றுள் ஒன்றான சீ இப் கோயிலின் பெயரிலேயே 'சர்ச்' என்ற சொல் இருக்கிறது. உள்ளே இருப்பவளோ கருணைத் தெய்வம் குவான்யின்.

இந்த வாழ்வை முறித்தது 1962. அக்டோபர் 20இல் தொடங்கிய எல்லைப்போர் ஒரு மாதத்தில் ஓய்ந்தது. இங்கிருந்தவர்களுக்கு அது ஓயவில்லை. பெற்றோரிலோ பாட்டன் பாட்டியரிலோ ஒருவர் சீனக் குடிமகனாக இருந்திருந்தாலே ஒருவரை அயலாராகக் கருத இடமளிக்கும் ஆணைகள் பிறந்தன. அஸ்ஸாம், வடவங்கம் முதலிய பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 3,000 பேர் ரயிலேற்றப்பட்டு, ராஜஸ்தானத்துத் தியோலி முகாமில் அடைக்கப்பட்டனர். குழந்தைகளும் இருந்தார்கள். விசாரணை இல்லை. சிலர் 1967 வரை அங்கேயே கிடந்தார்கள். பலர் தாம் கண்டேயிராத சீனாவுக்கு அனுப்பப்பட்டார்கள். முகாமுக்குப் போகாத கொல்கத்தாச் சீனர்களும் காவல்நிலையத்தில் முகம் காட்டி வாழ வேண்டியிருந்தது. அஸ்ஸாமிய எழுத்தாளர் ரீதா சௌதுரி 2010இல் 'மாகாம்' நாவலில் இதை எழுதும்வரை இலக்கியம் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. எழுதுகிறவர்கள் நாணவேண்டிய செய்தி என்றே நினைக்கிறோம்.

நகரின் கிழக்கே ஹக்காக்கள் வளர்த்தெடுத்த டாங்ராவுக்கு மாலையில் போனோம். 1996இல் உச்சநீதிமன்றம் இங்கிருந்த தோல் பதனிடும் கூடங்களை அகற்ற ஆணையிட்டது. நம் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகளைப் பற்றிய தீர்ப்பும் அதே ஆண்டில் வந்ததுதான். கூடங்கள் பந்தலாவுக்குப் பெயர்ந்தன. சில கட்டடங்களில் உணவகங்கள் முளைத்தன. நகரில் ஒருகாலத்தில் இருபதாயிரம் பேர் இருந்ததாகச் சொல்வார்கள். இன்று இரண்டாயிரம் பேர் வரை இருந்தால் அதிகம்.

டாங்ராவில் சீனக் காளி கோயில் ஒன்று உண்டு. நூடுல்ஸ் படைக்கிறார்கள். வாசலில் அமர்ந்திருந்த முதியவரிடம், எங்களில் வங்காளம் தெரிந்தவர் 1962 பற்றிக் கேட்டார்.

"எனக்கு அப்போது பதினோரு வயது" என்றார் அவர்.

நாங்கள் காத்திருந்தோம். அவர் சற்று நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேரப்பிள்ளைகள் டொரண்டோவில் படிப்பதைச் சொன்னார். பிறகு எங்களுக்கு எத்தனை மணிக்கு ரயில் என்று விசாரித்தார்.