நிலம் குறித்த உரைநடையும் இளஞ்சிறார் கல்வியும்

தமிழ் உரைநடையின் வரலாற்றை ஆராய்ந்தோர் பலர். களவியலுரை முதலாக இலக்கண இலக்கிய உரைகளும், சமய வாத நூல்களும், செய்தித்தாள்களும், புதினங்களும் அவர்தம் நூல்களில் முறையே இடம்பெற்றுள்ளன. ஆயினும் தமிழ்ச் சிறுவர் பல தலைமுறையாகப் பள்ளியிற் பயின்ற உரைநடை ஒன்று அவ்வரிசையில் உரிய இடம் பெறவில்லை. மலை, யாறு, கடல், மழை, மண், நாடு என்பவற்றை உள்ளது உள்ளவாறு கூறும் பாடவுரைநடையே அது. பூகோளம் என்றும், பூமி சாத்திரம் என்றும், புவியியல் என்றும் காலந்தோறும் பெயர் மாறி வந்த அப்பாடம், மொழி வரலாற்றுக்குப் புறம்பானது எனக் கருதப்பட்டமையே இதற்குக் காரணமாகலாம். அக்கருத்து பொருந்தாது என்பதையும், நிலம் பற்றிய செய்தியுரையைப் படிக்கக் கற்பித்த நம் பள்ளிகள் அதனை எழுதக் கற்பிக்கவில்லை என்பதையும் இக்கட்டுரையில் யாம் காட்ட முயல்கின்றோம்.

இலக்கணம் காட்டும் வாக்கிய வடிவம்

நிலத்தைப் பற்றிய செய்தி எத்தகைய வாக்கியத்தால் அமையும் என்னும் வினாவினை முதற்கண் நோக்குதல் வேண்டும். நேற்று நிகழ்ந்ததைக் கூறுவது கதை. நாளை நிகழ்வதைக் கூறுவது எதிர்பார்ப்பு. என்றும் உள்ளதைக் கூறுவதோ இவ்விரண்டினும் வேறானது. இவ்வேறுபாட்டினைத் தமிழ் இலக்கண நூலார் நன்கு உணர்ந்திருந்தனர். முக்காலத்தும் ஒரு தன்மையவாய் விளங்கும் பொருள்களை நிகழ்காலத்தாற் கூறுக எனத் தொல்காப்பியம் விதி வகுக்கின்றது. நன்னூலும் அதனையே வழிமொழிகின்றது. இவ்விதிக்கு உரையாசிரியர்கள் தேர்ந்த எடுத்துக்காட்டுகள் நம் கருத்தைக் கவர்வன. மலையின் நிலைபேறும், யாற்றின் ஒழுக்கும், ஞாயிற்றின் இயக்கமுமே அவை. என்றுமுள்ளதைக் கூறும் வாக்கியத்திற்குச் சான்று தேடிய உரையாசிரியர்க்கு நிலமும் வானுமே முன்வந்து நின்றன என்பது இதனாற் பெறப்படும்.

அவ்விடத்து வழங்கிய வினைவடிவம் ‘செய்யும்’ என்னும் முற்று. இக்காலத்து எதிர்காலத்தையும் வழக்கத்தையும் உணர்த்தும் அவ்வடிவம், பண்டு நிகழ்காலமும் உணர்த்திற்று. அம்முற்றுக்குத் தன்மையும் முன்னிலையும் இல்லை என்பது இலக்கணம் அறிந்தார் அனைவரும் அறிந்ததே. ‘யான்’ என்றும் ‘நீ’ என்றும் கூறுதற்கு இடந்தராது, படர்க்கைப் பொருளின் இயல்பை மட்டும் கூறுதற்குரிய வடிவம் அது. செய்தியுரைக்கு இதனினும் ஏற்ற வடிவம் வேறு வேண்டுவதில்லை. எனவே, நிலம் பற்றிய செய்தியுரை மேலைநாட்டார் வருகையாற் பிறந்தது எனினும், அதற்குரிய வாக்கிய வடிவம் தமிழிற் பண்டே இருந்தது எனல் வேண்டும். ஞாயிறு இயங்கும் என்று கூறிய அதே வடிவம், பின்னர் நிலம் சுழலும் என்று கூறவும் இடங்கொடுத்தது. கொள்கை மாறியது, வடிவம் மாறவில்லை.

திண்ணைப் பள்ளியில் நிலம்

அச்சு நூல்கள் பரவுதற்கு முன்னர்ச் சிறுவர் பயின்ற திண்ணைப் பள்ளிகளில் நிலத்தைப் பற்றிய தனிப்பாடம் இருந்ததில்லை. மணலில் விரலால் எழுத்துப் பழகி, ஓலையில் எழுத்தாணி பிடித்து, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், உலகநீதி, மூதுரை, நல்வழி ஆகியவற்றை மனப்பாடம் செய்து, எண்சுவடி ஒப்பித்து வளர்ந்தனர் அக்காலச் சிறுவர். எனினும் நிலம் அப்பள்ளியுள் இருவழியாற் புகுந்தது. ஒன்று அளவை. குழிமாத்து முதலிய கணக்குகளால் குழி, மா, வேலி என நிலத்தை அளந்தறியும் திறனைச் சிறுவர் பெற்றனர். மற்றொன்று பெயர். நிகண்டுகளில் நிலம், மலை, கடல் முதலியவற்றின் பெயர்கள் திரட்டித் தரப்பெற்றிருந்தன. சூடாமணி நிகண்டு இடப்பெயர்க்கென ஒரு தொகுதியையே வகுத்தது.

ஆகவே அக்காலச் சிறுவன் நிலத்தை அளக்கவும் அதற்குப் பெயர் பல கூறவும் வல்லவன் ஆயினான். ஆனால் அந்நிலம் ஏன் அவ்வாறு உள்ளது என்பதனை உரைநடையிற் கூறும் பாடம் அவனுக்கு வாய்க்கவில்லை. உலகின் அமைப்பைப் பற்றிக் கேட்டறிந்தனவெல்லாம் ஏழு தீவும் ஏழு கடலும் கூறும் புராண மரபினவாகவே இருந்தன.

சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1822இல் நாட்டுப் பள்ளிகளைக் குறித்துக் கணக்கெடுக்குமாறு ஆணையிட்டார். 1826ஆம் ஆண்டின் அவரது குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் இருந்த பள்ளிகள் 12,498. மாணாக்கர் 1,88,650 பேர். பல்லாரி ஆட்சியர் காம்பெல் 1823இல் விடுத்த அறிக்கையில், சிறுவர் பொருளுணராது செய்யுள்களை ஒப்பிக்கின்றனர் எனக் குறை கூறினார். பல்லாரி தெலுங்கும் கன்னடமும் வழங்கிய பகுதி. ஆதலின் அக்கூற்றைத் தமிழ்ப் பள்ளிகளுக்கு அப்படியே ஏற்றியுரைத்தல் கூடாது. எனினும் பேச்சு மொழிக்கும் பாட மொழிக்கும் இடையே இருந்த தொலைவு தமிழ்நாட்டிற்கும் பொதுவானதே.

1832ஆம் ஆண்டு

இந்நிலையில் 1832ஆம் ஆண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. பாளையங்கோட்டையில் சமயப் பணியாற்றிய இரேனியசு (1790-1838) இயற்றிய ‘பூமி சாஸ்திரம்’ அவ்வாண்டில் வெளிவந்தது. தமிழிலக்கணமும் எழுதிய அவர், உலக நாடுகளைப் பற்றிய செய்திகளைத் தமிழ் உரைநடையில் விரிவாகத் தொகுத்தளித்தார். புராண மரபின் உலக அமைப்பை மறுத்தலும் அந்நூலின் நோக்கங்களுள் ஒன்று. இப்பாடத்திற்கும் சமயப் பரப்பலுக்கும் இருந்த தொடர்பினை மறைத்தல் வரலாற்று நேர்மை ஆகாது. அதே வேளையில், அந்நோக்கம் ஒன்றையே கண்டு அவ்வுரைநடையின் பயனைப் புறக்கணித்தலும் தகாது.

அதே ஆண்டில் தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் காலமானார். சுவார்ட்சு பாதிரியாரின் மேற்பார்வையில் வளர்ந்து மேலைநாட்டு அறிவியலில் ஈடுபாடு கொண்ட அம்மன்னர் பெயரால் வழங்குவது ‘தேவேந்திர குறவஞ்சி’. அது மராத்தி மொழியில் அமைந்த நாடகம். உலக நாடுகளின் செய்திகளைக் குறத்தியின் வாய்மொழியாகப் பாட்டிற் கூறுவது. தமிழ்க் குறவஞ்சிகளில் குறத்தி தன் மலைவளமும் தான் கண்ட நாட்டுவளமும் கூறுதல் மரபு. ஊரூராய்த் திரிபவளாகிய அவளையே உலகச் செய்தி கூறுவாளாக அமைத்தது, பழைய வடிவத்திற்குள் புதிய அறிவைப் பெய்யும் முயற்சியாம்.

பாட்டும் கூத்துமாய்ப் புதிய செய்தியைத் தரும் வழி ஒன்று. உரைநடையாய்த் தரும் வழி மற்றொன்று. இவ்விரண்டனுள் பின்னதே பள்ளியில் நிலைபெற்றது. கூட்டமாகக் கேட்டு மகிழ்தற்குப் பாட்டுப் பொருந்தும். சிறுவன் ஒருவன் தனித்திருந்து படித்து, ஐயுற்று, மீண்டும் நோக்குதற்கு உரைநடையே பொருந்தும். ஆயின் பள்ளிகள் அவ்வுரைநடையை அங்ஙனம் பயன்படுத்தினவா என்பதே அடுத்த வினா.

வினாவிடை மரபு

19ஆம் நூற்றாண்டில் சிறுவர்க்கான பாடநூல்களில் வினாவிடை வடிவம் பெருவழக்காயிற்று. தீவு என்பது யாது என்று ஆசிரியர் வினவ, நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு எனப்படும் என மாணவன் விடையிறுப்பான். இத்தகைய பாடங்களின் வாக்கியங்களை மூவகையாகப் பகுக்கலாம். ‘எனப்படும்’ என முடிந்து இலக்கணம் கூறுவது முதல் வகை. ‘உள்ளது’, ‘அமைந்துள்ளது’ என முடிந்து இருப்பிடம் கூறுவது இரண்டாம் வகை. ‘ஆதலால்’ என்னும் சொல்லை இடையே பெற்றுக் காரணம் கூறுவது மூன்றாம் வகை. முதலிரண்டும் மனப்பாடத்திற்கு எளியன. மூன்றாவதை உணர்ந்தாலன்றி ஒப்பித்தல் அரிது. உணராது ஒப்பித்தாலும், வினாவைச் சிறிது மாற்றிக் கேட்ட அளவில் அது சிதைந்துவிடும்.

தேர்வில் மாணாக்கர் பெறும் பயனுக்கேற்பப் பள்ளிகளுக்கு மானியம் அளிக்கும் முறை அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நடைமுறைக்கு வந்தபோது, முதலிரு வகை வாக்கியங்களே பெரிதும் போற்றப்பட்டன. ஆய்வாளர் வந்து கேட்கும் வினாவிற்குத் தடையின்றி வரும் விடையே பள்ளிக்குப் பொருளீட்டித் தந்தது. மனப்பாடம் தீது என்பது எம் கருத்தன்று. செவிவழிக் கல்வியால் நம் முன்னோர் பெற்ற நன்மை பெரிது. ஆயின் அறநூலை மனப்பாடம் செய்தவன் வாழ்நாளில் அதன் பொருளை உணர்வதற்கு இடமுண்டு. மலைகளின் பெயர் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்தவனுக்கு அத்தகைய பின்விளைவு இல்லை.

கலைச்சொல்லும் சிறுவர் செவியும்

இவ்வுரைநடையிற் சிறுவர் எதிர்கொண்ட மற்றோர் இடர்ப்பாடு கலைச்சொல். மூன்று புறமும் நீர் சூழ்ந்த நிலத்தைத் ‘தீபகற்பம்’ என்றனர். தீவு போன்றது என்னும் பொருளுடைய ‘துவீபகல்பம்’ என்னும் வடசொல்லின் திரிபு அது. வடமொழி அறியாச் சிறுவன் செவியில் அது தீபமாகவும் கர்ப்பமாகவும் ஒலிக்குமேயன்றித் தீவை நினைவூட்டாது. அவ்வாறே ‘அட்சரேகை’ என்பது அச்சினைக் குறிக்கும் ‘அட்சம்’ என்னும் சொல்லின் அடியாகப் பிறந்திருப்பினும், எழுத்தைக் குறிக்கும் ‘அட்சரம்’ என்பதனோடு மயங்குதற்குரியது. சொல்லே பொருளை மறைத்தவிடத்து மனப்பாடமன்றிப் பிறிது வழியில்லை.

இக்குறையை நீக்க முயன்ற வரலாறு பெருமைக்குரியது. 1916இல் சேலத்தில் தமிழ்ச் சாத்திரப் பரிபாடைச் சங்கம் தோன்றியது. 1934இல் நிறுவப்பெற்ற சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் ‘கலைச்சொற்கள்’ என்னும் தொகுப்பை வெளியிட்டது. இத்தகைய முயற்சிகளின் பயனாக, பூமத்திய ரேகை நிலநடுக்கோடு ஆயிற்று; உஷ்ண மண்டலம் வெப்ப மண்டலம் ஆயிற்று. நிலநடுக்கோடு என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே சிறுவன் அதன் பொருளைப் பாதி உணர்வான். எனினும் தீபகற்பம் இன்றும் பாடநூல்களில் வழங்குகின்றது. ஈழத்திலோ யாழ்ப்பாணத்தைக் குடாநாடு என்றே வழங்குவர். சொற்சீர்திருத்தம் அறிஞர் அவையில் நடந்த அளவிற்கு வகுப்பறையைச் சென்றடையவில்லை என்பதற்கு இதுவே சான்று.

தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். தேர்வுக்கென அன்றிச் சிறுவர் தாமே விரும்பிப் படிக்கும் செய்தியுரைக்கு அது இடமளித்தது.

எழுதுதல் என்னும் குறை

படித்தல் இவ்வாறு படிப்படியாக வளர்ந்தது. எழுதுதலோ வளரவில்லை. பார்த்தெழுதுதல், சொல்வதெழுதுதல், வினாவிற்கு விடையெழுதுதல் என்னும் மூன்றளவில் சிறுவரது எழுத்து நின்றுவிட்டது. நிலத்தைப் பற்றிச் சிறுவன் தானே கண்டதை, தானே வகைப்படுத்தி, பிறர் படித்தறியுமாறு எழுதுதல் பாடத்திட்டத்தில் அருகியே காணப்பட்டது. ‘ஜில்லா பூகோளம்’ எனத் தத்தம் மாவட்டத்திலிருந்து பாடத்தைத் தொடங்கும் நல்ல முறை தோன்றிய பின்னரும், தன் ஊரைப் பற்றிய செய்தியையும் அச்சிட்ட நூலிலிருந்தே மாணவன் எழுதினான்.

தமிழ்ச் சிறுவனுக்கு நிலத்தைப் பற்றிய சொல் இல்லையா? ஏரிக்கரையில் வளர்ந்த சிறுவன் மதகு, மடை, கலிங்கு, கரை என்பவற்றை வேறுபடுத்தி அறிவான். கரிசல், செம்மண், வண்டல், களர் என்பன அவன் காலறிந்த மண்கள். இச்சொற்கள் பாடநூலிற் புகாமையால், தான் அறிந்தது அறிவு அன்று என அவன் எண்ணலாயினான். இதுவே இவ்வரலாற்றின் பேரிழப்பு என்பது எம் துணிபு.

எழுதக் கற்பிக்கும் வழியை நம் இலக்கணமே காட்டுகின்றது. நேற்று மழை பெய்தது, எங்கள் ஏரி நிரம்பியது என்று சிறுவன் எழுதுவானாயின் அது நிகழ்ச்சியுரை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை பெய்யும், அதனால் ஏரி நிரம்பும், மிகைநீர் கலிங்கின் வழியே வெளியேறும் என்று எழுதுவானாயின் அது செய்தியுரை. முன்னதிலிருந்து பின்னதற்குச் செல்லுதல் வெறும் காலமாற்றம் அன்று. ஒருமுறை கண்டதை என்றும் நிகழ்வதாகக் கூறுதற்குப் பன்முறை காணல் வேண்டும். பெரியோரைக் கேட்டல் வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் என்னாகும் என எண்ணுதல் வேண்டும். ‘அதனால்’ என்னும் ஒரு சொல்லை இடையே பெய்தற்குக் காரணத்தை ஆராய்தல் வேண்டும். இறந்தகால முற்றினைச் ‘செய்யும்’ என்னும் முற்றாக மாற்றும் அச்சிறு செயலிலேயே அறிவியல் நோக்கின் தொடக்கம் அமைந்துள்ளது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய இளஞ்சிறாரும் இதனைச் செய்யவல்லர். ஏனெனில் வாக்கியம் சிறிது. பொருள் அவர்தம் கண்முன் உள்ளது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். என்றுமுள்ளதைக் கூறும் செய்தியுரைக்குரிய வாக்கிய வடிவம் தமிழிலக்கணத்திற் பண்டே உணரப்பட்டிருந்தது. திண்ணைப் பள்ளி நிலத்தை அளவையாலும் பெயராலும் கற்பித்தது; 19ஆம் நூற்றாண்டுப் பாடநூல்கள் அதனை உரைநடையாற் கற்பித்தன. வினாவிடை முறையும் தெளிவற்ற கலைச்சொல்லும் அவ்வுரைநடையை மனப்பாடப் பொருளாக்கின. சிறுவர் அதனைப் படிப்போராக மட்டுமே நின்றனர், எழுதுவோராக வளரவில்லை.

எனவே தமிழ்த் துறையினர் ஆற்றவேண்டிய கடமைகள் இரண்டு. பழைய பூகோளப் பாடநூல்களைத் தேடித் தொகுத்து, அவற்றின் சொல்லையும் தொடரையும் ஆராய்தல் ஒன்று. அவை பழந்தாள்களென விலைபோய் அழிந்து வருவதால், இப்பணி காலந்தாழ்த்தற்குரியதன்று. தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு இவ்வாராய்ச்சியின் பயனை எளிய முறையில் எடுத்துரைத்தல் மற்றொன்று. தம் ஊரின் மண்ணையும் நீரையும் பற்றி நான்கு வாக்கியம் பிழையற எழுதவல்ல சிறுவரை உருவாக்குதல் புவியியலாசிரியர் கடமை மட்டும் அன்று. தமிழாசிரியர் கடமையும் ஆகும்.