தீபாவளிக்கு மலாய்க்காரர், நோன்புப் பெருநாளுக்குத் தமிழர்: மலேசியாவின் ‘திறந்த இல்லம்’ என்றால் என்ன?

மலேசியாவில் பெருநாள் வந்தால், வேற்று மதத்து நண்பர்களையும் அக்கம்பக்கத்தாரையும் வீட்டுக்கு அழைத்து விருந்து வைப்பது வழக்கம். மலாயில் இதற்கு ‘ருமா தெர்புகா’ன்னு பேர். அங்குள்ள தமிழர்கள் ‘திறந்த இல்ல உபசரிப்பு’ என்கிறார்கள். பிரதமரே நோன்புப் பெருநாளுக்குப் பொதுமக்களை அழைத்து விருந்து வைப்பதுண்டு.

கேட்க எளிதாத்தான் இருக்கு. சிக்கலே தட்டில்தான்!

தட்டில் என்ன வைப்பது?

நோன்புப் பெருநாள் விருந்தில் கெத்துபாட்டும் ரெண்டாங்கும் முக்கியம். ரெண்டாங் பெரும்பாலும் மாட்டிறைச்சியில் செய்வது. இந்துக்கள் பலர் அதைத் தொடமாட்டாங்க. அதனால் கோழி ரெண்டாங்கும் தனியாகச் செய்து வைப்பாங்க.

தீபாவளிக்கு இது தலைகீழ். தமிழர் வீட்டில் கறியை ஹலால் கடையில் வாங்கினா மட்டும் போதாது. ‘இந்தப் பாத்திரத்தில் முன்னாடி பன்றி இறைச்சி சமைச்சிருப்பாங்களோ’ என்ற தயக்கம் சில முஸ்லிம் விருந்தாளிகளுக்கு இருக்கும். அதனால் பலர் மொத்தச் சாப்பாட்டையும் ஹலால் சமையல்காரரிடமே சொல்லிவிடுகிறார்கள். பரிமாறுவது காகிதத் தட்டில். விருந்தாளி ஒரு பதார்த்தத்தைத் தொடாமல் விட்டால், ‘ஏன்?’ என்று கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

உறையின் நிறம் மாறிய கதை

சீனப் புத்தாண்டுக்குச் சிறுவர்களுக்குப் பணம் வைத்துத் தரும் சிவப்பு உறை ‘அங்பாவ்’. அதே பழக்கம் நோன்புப் பெருநாளில் பச்சை உறையானது. இப்போது தீபாவளிக்கும் உறை உண்டு. ஊதா நிறம் அதிகம் தென்படும்.

எதிர்ப்பே இல்லையா?

இருந்தது. சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும் அடுத்தடுத்து வந்தபோது, இரண்டையும் சேர்த்துக் கொண்டாடுவதற்கு ‘கொங்சி ராயா’ என்று பெயர் வந்தது. ‘கொங்சி’ என்றால் மலாயில் பகிர்தல். சீனர்களின் புத்தாண்டு வாழ்த்தும் காதில் கிட்டத்தட்ட அப்படியே விழும். 2006-ல் பேராக் மாநிலத்தில் கூடிய உலமாக்கள், இப்படிக் கலந்து கொண்டாடுவது முஸ்லிம்களின் நம்பிக்கையைப் பாதிக்கலாம், மறுபரிசீலனை தேவை என்றார்கள். ஆனாலும் பழக்கம் நிற்கவில்லை. சாமி கும்பிடுவது வேறு, சாப்பிடப் போவது வேறு என்பதுதான் பல குடும்பங்களின் கணக்கு. காலையிலேயே பூஜை முடிந்துவிடும், விருந்தாளிகள் அப்புறம்தான் வருவார்கள்.

இஸ்லாமிய ஆண்டு சுமார் 11 நாள் குறைவு என்பதால் நோன்புப் பெருநாள் ஆண்டுதோறும் முன்னே நகரும். 2004 முதல் 2006 வரை அது தீபாவளியை ஒட்டி வந்தது. 2029 பிப்ரவரியில் மறுபடியும் சீனப் புத்தாண்டை ஒட்டி வரப்போகிறது.