டிசம்பருக்கு நகர்ந்த மே

புணே லா காலேஜ் ரோட்டுப் பக்கம் குடியிருப்பதால், "சார், பையன் எப்போ சட்ட நுழைவுப் பரீட்சை எழுதணும்?" என்று கேட்டு வரும் தமிழ்ப் பெற்றோர் எனக்கு அதிகம். சாலைக்குப் பெயர் தந்த ஐ.எல்.எஸ். சட்டக் கல்லூரி 1924இல் தொடங்கியது. நெடுங்காலம் அங்கே இந்தக் கேள்விக்கே இடமில்லை; பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் போதும். 2016இல் மகாராஷ்டிர அரசின் பொது நுழைவுத் தேர்வு வந்து அதை மாற்றியது.

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் கதை வேறு. ஒவ்வொன்றும் தனித் தேர்வு வைத்தது. பிள்ளைகள் விண்ணப்பத்துக்கு மேல் விண்ணப்பமாகப் பணம் கட்டினார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2008 மே மாதம் ஏழு பல்கலைக்கழகங்களுக்குச் சேர்த்து ஒரே பொது நுழைவுத் தேர்வாக முதல் கிளாட் நடந்தது. அப்போதெல்லாம் கணக்கு எளிது: பொதுத்தேர்வு முடிந்த பிறகும் மே வரை அவகாசம் இருந்தது. 2022இல் ஒரே ஆண்டில் இரண்டு கிளாட்: ஜூனில் ஒன்று, அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்காக டிசம்பரில் இன்னொன்று. அந்த அவகாசம் அத்தோடு போயிற்று. சிம்பயாசிஸ் பல்கலைக்கழகத்தின் சட்ட நுழைவுத் தேர்வான ஸ்லாட்டும் 2024இல் டிசம்பருக்கு வந்துவிட்டது. பள்ளிப் பாடமே முடியாத நேரத்தில் இதென்ன அவசரம் என்று எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் வருகிறவர்களிடம், பதினொன்றாம் வகுப்புக் கோடை விடுமுறையிலேயே தொடங்கச் சொல்கிறேன்.