ஆயர் தந்த வெள்ளித் தண்டுகள்

பேசின் பிரிட்ஜ் பக்கத்து எங்கள் தெருவில் விக்டர் ஹியூகோவை அறிந்தவர் சிலரே. ஜாவர் சீதாராமனை அறியாத பெரியவர் இல்லை. அந்த ‘ஜாவர்’ ஹியூகோ தந்த பெயர். ‘ஏழை படும் பாடு’ (1950) திரைப்படத்தில் அப்பெயருடைய காவல் அதிகாரியாக நடித்தமையால் அது சீதாராமனோடு ஒட்டிக்கொண்டது.

நமக்கு நாவலாசிரியராகவே அறிமுகமான ஹியூகோ (1802–1885), பிரான்சு நாட்டில் முதலில் புயல் கிளப்பியது நாடக மேடையில். 1830 பிப்ரவரி 25 அன்று ‘எர்னானி’ அரங்கேறியபோது, பழைய நாடக இலக்கணத்தைக் காப்போரும் அதை மீறத் துடித்த இளைஞரும் அரங்கினுள்ளேயே கூச்சலிட்டு மோதினர். 1832இல் ‘அரசன் களிக்கிறான்’ ஒரே ஒரு இரவு நடந்தது; மறுநாளே தடை. (அக்கதையைத்தான் வெர்டி 1851இல் ‘ரிகொலெத்தோ’ என்னும் இசைநாடகமாக்கினார்.) 1843இல் அவருடைய ‘பர்க்ரேவ்கள்’ நாடகம் தோற்றது. அதே ஆண்டு செப்டம்பரில் மூத்த மகள் லெயொபோல்தீன் படகு கவிழ்ந்து சேன் ஆற்றில் மாண்டாள். மேடை அவருக்குக் கசந்துபோனது.

பின்னர், மூன்றாம் நெப்போலியனை எதிர்த்து நாடு துறந்திருந்த காலத்தில், 1862இல் வெளியிட்டதே சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்த அந்த நாவல். நாடகாசிரியரின் கை அதில் நன்கு தெரிகிறது. அடைக்கலம் தந்த ஆயரின் வெள்ளிப் பாத்திரங்களைத் திருடியவன் காவலரோடு திரும்பி வருகிறான். ஆயரோ, மெழுகுத்திரித் தண்டுகளையும் தந்தேனே, அவற்றை ஏன் விட்டுச் சென்றாய் என்று கேட்கிறார். தீஞ் மறைமாவட்டத்தின் உண்மை ஆயர் மியொல்லிஸ் இப்பாத்திரத்திற்கு முன்மாதிரி. ஆயருக்குப் பதில் ஒரு மருத்துவரைப் படைக்கலாமே என்று மகன் சார்ல்ஸ் சொல்லியும் ஹியூகோ இணங்கவில்லை.

ஆயினும் 1864இல் திருச்சபை இந்நாவலைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. சாகும் தறுவாயில் இருந்த புரட்சிக்காரர் ஒருவர்முன் அதே ஆயர் மண்டியிட்டு ஆசி கேட்கும் காட்சியும் நூலில் உண்டு. அதை அந்நாளில் எளிதில் பொறுத்திருக்க மாட்டார்கள். ஹியூகோவும் சளைத்தவரல்லர். கடவுளை நம்புவதாகவும், எந்தச் சபையின் செபமும் தமக்கு வேண்டாம் என்றும் எழுதிவைத்தே இறந்தார். ஆனால் அவர் படைத்த ஆயரைவிட அன்பான ஆயரை நான் வேறெந்தக் கதையிலும் கண்டதில்லை.

செருகளத்தூர் சாமா அந்த ஆயராகத் திரையில் தோன்றியபோது, அரங்கின் இருட்டில் நம்மவர்களும் கண் கலங்கியிருப்பார்கள். நாவல் அப்போதும் தடைப்பட்டியலில்தான் இருந்தது. நீக்கப்பட்டது 1959இல்.