படகும் நங்கூரமும்

தெல்தோட்டை மலைகளிலே பெய்யும் மழை, தேயிலைச் சரிவுகளின் மண்ணையும் வாரிக்கொண்டு சிற்றோடைகளாக இறங்கி மகாவலி கங்கையைச் சேர்கின்றது. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி, 335 கிலோமீற்றர் தூரம் ஓடி, மூதூருக்கு அண்மையில் கொட்டியாரக் குடாவிலே கலக்கின்றது. பொல்கொல்லை, விக்டோரியா முதலிய அணைகள் எழுந்தபின் அம்மண்ணிற் பெரும்பங்கு நடுவழியிலேயே தங்கிவிடுகின்றது. அதற்கு முன்னர் எத்தனையோ நூற்றாண்டுகளாக, மலைநாட்டின் மண் கடலடிச் சேறாகப் போய்ப் படிந்தது. கடலையே காணாத மலையூருக்கும் கப்பலின் நங்கூரத்துக்கும் உள்ள உறவு இதுவே.

அந்த உறவை விளங்கிக்கொள்வதற்கு 1659ஆம் ஆண்டை நினைவுகூர்தல் தகும். அவ்வாண்டிலே இரு கப்பல்களின் கதை தொடங்கிற்று. காலித் துறைமுகத்திலே தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் ஒல்லாந்தரின் ‘அவொண்ட்ஸ்டர்’ என்னுங் கப்பல் நங்கூரமிட்டு நின்றது. நங்கூரம் பிடி நழுவிற்று. கப்பல் கரையோரம் தள்ளப்பட்டு மூழ்கிற்று. கப்பல் தலைவனும் அவன் துணைவனும் உரிய விழிப்போடு இருக்கவில்லை என்று குற்றஞ்சாட்டப்பட்டனர். ஏறத்தாழ 5 மீற்றர் ஆழமே உள்ள நீரில் அக்கப்பல் மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகக் கிடந்தது. 2001ஆம் ஆண்டு முதல் தொல்பொருளாய்வாளர் அதனைத் துருவி ஆராய்ந்தனர். மீட்ட பொருள்களிற் பல, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் மீண்டும் கடலுக்கே போயின என்பது வருந்தத்தக்கது. மற்றைய கப்பல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கொம்பனியின் ‘ஆன்’. அதன் கதை பின்னர் வரும்.

பெருங்கப்பலொன்றின் நங்கூரம் ஏன் நழுவவேண்டும்? பாரமான பொருளொன்றைக் கயிற்றிற் கட்டி நீருள் இட்டால் படகு நிற்கும் என்பதே பலரின் எண்ணம். ஆதியிலே மனிதரும் அவ்வாறே எண்ணினர். துளையிட்ட கல்லே முதல் நங்கூரம். ஆனால் நீருள் அமிழ்ந்த கல், தான் விலக்கும் நீரின் நிறையளவு பாரத்தை இழந்துவிடுகின்றது. காற்று வலுத்தால் கல் தரையில் இழுபட்டுச் செல்லும். இக்குறையை உணர்ந்த இந்துமாக்கடல் மாலுமிகள் நீண்ட சதுரக் கல்லொன்றின் அடிப்பகுதியிலே இரு துளைகளைக் குறுக்காகக் குடைந்து, அவற்றுள் மரக் கொம்புகளைச் செருகினர். கல் பாரத்தைக் கொடுத்தது. கொம்பு தரையைக் கௌவிற்று. இவ்வகைக் கல் நங்கூரங்கள் காலித் துறைமுகத்தின் அடியிலும் கண்டெடுக்கப்பட்டுள்ளன. பின்னர் வந்த இரும்பு நங்கூரத்துக்கு இரு கைகளும், அவற்றுக்குச் செங்குத்தான திசையில் ஒரு குறுக்குத்தடியும் இருந்தன. அந்தத் தடி தரையிற் படிந்து நங்கூரத்தைப் புரட்ட, ஒரு கை தவறாது மண்ணுட் புகும். எளிய சூழ்ச்சிதான், எனினும் நெடுங்காலம் கப்பல்களைக் காத்தது அதுவே.

சிறு படகுக்கு இப்பெரும் பாரம் ஒவ்வாது. பொழுதுபோக்குக்காகப் பாய்விரித்துச் செல்வோன் ஒருவன் தனியாகத் தூக்கக்கூடிய நங்கூரம் 1933ஆம் ஆண்டிலேதான் கிடைத்தது. அதை ஆக்கியவர் கேம்பிரிட்ஜ் பௌதிக அறிஞர் ஜெப்ரி இங்கிராம் டெயிலர். அவர் தாமே சிறு பாய்க்கப்பல் செலுத்துவதில் ஆர்வமுடையவர். (தெல்தோட்டைக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திலே 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் வேறு, பெயர் மட்டுமே பொது.) அவர் நங்கூரத்தின் வடிவம் கலப்பையின் கொழுவே. நெல்வயலில் ஏர் பிடித்தவனுக்கு இதன் தத்துவம் விளக்கமின்றியே புரியும். கொழு தாழ்ந்து நின்றால் இழுக்க இழுக்க மண்ணுட் செல்லும். நுனி மேலெழுந்தால் நிலத்தின்மேல் வழுக்கிப் போகும். நங்கூரத்தை நிறுத்துவது அதன் பாரமன்று. அது இழுபடும் கோணமே. சிறிது காலத்தின் பின்னர் அமெரிக்கரான டான்போர்த் என்பவர் அகன்ற இரு தகடுகளையுடைய இலேசான நங்கூரத்தை அமைத்தார். இரண்டாம் உலகப் போரிலே படைகளைக் கரையிறக்கிய படகுகள், மணலிலிருந்து தம்மைத் தாமே பின்னுக்கு இழுத்துக்கொள்ள அதனைப் பயன்படுத்தின.

ஆகவே படகுக்காரன் முதலில் அறியவேண்டியது தன் படகின் அளவை மாத்திரமன்று, நீரின் அடித்தரையையும் ஆகும். மென்சேற்றுக்கும் மணலுக்கும் அகன்ற தகட்டு நங்கூரம் ஏற்றது. இறுகிய மண்ணில் கலப்பை வடிவம் நன்கு பிடிக்கும். பாறைக்கு நான்கு கொக்கியுள்ள நங்கூரமே உதவும். ஆனால் அது சிக்கிக்கொள்ளும் இயல்புடையது. விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அடியிலே பழைய தெல்தெனிய நகரத்தின் சுவர்கள் மூழ்கிக் கிடக்கின்றன. கடும் வறட்சியிலே வெளித் தெரிவதுமுண்டு. இத்தகைய இடங்களில் கொக்கியின் அடிப்பக்கத்தில் வேறொரு மெல்லிய கயிற்றைக் கட்டி, மறுமுனையில் மிதவை கோத்து விடுவது அறிவுடைமை. சிக்கினால் அக்கயிற்றைப் பிடித்துப் பின்புறமாக இழுத்து விடுவிக்கலாம்.

கயிற்றின் நீளத்திலேயே பலர் தவறுகின்றனர். நீரின் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து படகின் அணியம் வரையுள்ள உயரத்தையும் கூட்டவேண்டும். ஆழம் 3 மீற்றர், அணியம் 1 மீற்றர் எனின், மொத்தம் 4. அமைதியான வேளையில் அதன் ஐந்து மடங்காகிய 20 மீற்றர் கயிறும், காற்று எழுந்தால் ஏழு மடங்காகிய 28 மீற்றர் கயிறும் விடல்வேண்டும். நங்கூரத்தை அடுத்து இரண்டு மூன்று மீற்றர் சங்கிலி இருந்தால், அதன் பாரத்தாற் கயிற்றின் இழுப்புத் தரையோடு படியும். நங்கூரத்தை வீசியெறிதல் ஆகாது. காற்றுக்கு எதிர்முகமாக நின்று, மெல்ல இறக்கி, படகு பின்வாங்கும்போது கயிற்றை விட்டுக்கொடுத்து, ஈற்றில் இறுக்கிப் பார்க்கவேண்டும். கரையிலுள்ள மரமொன்றையும் அதன் பின்னுள்ள மலைமுகடொன்றையும் ஒரே நேர்கோட்டில் வைத்து நோக்கினால், படகு நகர்கின்றதா என்பது தெரிந்துவிடும். சிறு படகைப் பின்பக்கத்தாற் கட்டுதல் உயிருக்கே ஆபத்து. அலை உட்புகுந்து படகு அமிழும். கயிற்றின் மறுமுனையைப் படகிற் கட்டாமலே நங்கூரத்தை இறக்கி, எல்லாவற்றையும் நீருக்குத் தானம் செய்தவர்களும் உண்டு!

கொட்டியாரக் குடாவில் இக்கணக்கு இன்னும் முக்கியமானது. அங்கே கடலடியிற் பெரும் பள்ளத்தாக்கொன்று தொடங்குகின்றது. அதன் விளிம்பைக் கடந்தால் சிறு படகின் கயிறு எட்டாத ஆழம். ஆதலால் கரையை அடுத்த ஆழங்குறைந்த பகுதியையே நாடவேண்டும். கரையை அடுக்கும்போது வேறு இடர்களும் உண்டு என்பதை ‘ஆன்’ கப்பலினர் கண்டனர்.

1659 நவம்பரிலே மசூலிப்பட்டினத்தில் புயலிற் சிக்கி நடுப்பாய்மரத்தை இழந்த அக்கப்பல், பழுதுபார்க்கக் கொட்டியாரத்துக்கு வந்து நங்கூரமிட்டது. 1660 ஏப்பிரலில், கரையிறங்கிய தலைவன் நொக்ஸையும் அவன் மகன் றொபேட்டையும் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரும்படி சொல்ல மகன் அனுப்பப்பட்டான். பத்தொன்பது வயது இளைஞன் அவன். கப்பலில் ஏறிய அவன், எவரையும் நெருங்க விடாதிருக்கும்படி மாலுமிகளை எச்சரித்தான். தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி தானாகவே கரைக்குத் திரும்பினான். ‘ஆன்’ நங்கூரம் தூக்கித் தப்பிச் சென்றது.

தந்தை மறு ஆண்டு நோயால் இறந்தார். மகன் கண்டி இராச்சியத்தின் மலையூர்களிலே, தொப்பி பின்னியும் தானியம் கடனுக்குக் கொடுத்தும், பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தான். 1679 ஒக்டோபரிலே தோழன் ஒருவனோடு காட்டுவழியே தப்பி, மன்னாரையடுத்த அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். அவனெழுதிய இலங்கை வரலாறு 1681இல் இலண்டனில் வெளிவந்தது. சிறைப்பிடிக்கப்பட்ட இடமெனக் கருதப்படும் மூதூர்ப் புளியமரத்தடியிலே 1893ஆம் ஆண்டில் நினைவுக் கல்லொன்று நாட்டப்பட்டது.