பெயரேடும் உலாவியும்: 2021ஆம் ஆண்டு நிகழ்வொன்றை முன்வைத்து

இணைய உலாவியின் பாதுகாப்பு பொறியியலாளர்க்கே உரிய பொருள் எனக் கருதுவோர் பலர். தேயிலைத் தோட்டத்து லயங்களில் வாழ்வோரையும் அது தொடுவதை 2021ஆம் ஆண்டில் இலங்கையில் நிகழ்ந்த சம்பவமொன்று புலப்படுத்தும்.

தோமஸ் லிப்டன் 1890ஆம் ஆண்டில் அப்புத்தளையை அடுத்த தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கினார். அந்நாள் தொட்டு இப்பகுதித் தோட்டங்களின் வரலாறு பெரிதும் கூலிப் பிரச்சினையின் வரலாறாகவே அமைந்தது எனலாம். நாட்சம்பளம் 1000 ரூபாயாக வேண்டும் என்ற கோரிக்கையை முன்வைத்து 2021 பெப்ரவரி 5ஆம் நாள் மலையகத்தில் அடையாள வேலைநிறுத்தம் நடைபெற்றது. மறுநாட் காலை, ‘எல்.கே.’ என முடியும் இலங்கை முகவரிகள் சிலவற்றை நாடியோர் வேறொரு பக்கத்திற்குத் திருப்பப்பட்டனர். கூகுள், ஒராக்கிள் ஆகியவற்றின் இலங்கை முகவரிகளும் இவற்றுள் அடங்கும். அப்பக்கத்திலே தேயிலைத் தொழிலாளர் நிலை, பத்திரிகைச் சுதந்திரம், நீதித்துறை முதலியன பற்றிய முறைப்பாடுகள் இடம்பெற்றிருந்தன.

இது எவ்வாறு இயலும்? உலாவி பெயரை மட்டும் கொண்டு ஒரு தளத்தை அடைவதில்லை; அப்பெயருக்குரிய எண் முகவரியைப் பெயரேட்டின்வழி அறிந்த பின்னரே அங்குச் செல்லும். ஏட்டிலுள்ள பதிவு மாற்றப்படின், திரையில் பெயர் பிழையின்றித் தோன்றினும் பக்கம் பிறருடையதாகிவிடும்.

இதற்கு ஒரு காப்பாகத் தளம் தன்னைச் சான்றிதழால் நிறுவும் முறையை நெற்ஸ்கேப் நிறுவனம் 1990களின் நடுப்பகுதியிற் கொணர்ந்தது. பூட்டுச் சின்னம் அதன் அடையாளமாயிற்று. ஆயினும் சான்றளிப்போரும் காவலிழக்கலாம். 2011இல் ஒல்லாந்தின் டிஜிநோட்டார் நிறுவனம் ஊடுருவப்பட்டு, 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் உருவாக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு ஈரான் நாட்டு மின்னஞ்சல் பயனாளர் வேவு பார்க்கப்பட்டனர். உலாவிகள் அந்நிறுவனத்தை நம்பிக்கைப் பட்டியலினின்றும் நீக்கின. அவ்வாண்டே அது முறிவடைந்தது. சான்றிதழ்களை யாவரும் காணத்தக்க பொதுப் பதிவேட்டில் இடும் ஏற்பாடு இத்தகைய அனுபவத்தின் பின்னரே வலுப்பெற்றது.

2021ஆம் ஆண்டுச் செயலை, கோரிக்கையின் நியாயங்கருதிச் சிலர் பாராட்டக்கூடும். கோரிக்கை நியாயமானதே. ஆயின் அன்று முறைப்பாடு நுழைந்த அதே வாயில் வழியே நாளை வங்கியொன்றின் போலிப் பக்கமும் நுழையலாம். மத்திய கிழக்கில் உழைக்கும் மகள் அனுப்பிய பணத்தைக் கைப்பேசியிற் பார்க்கும் அப்புத்தளைத் தாய்க்கு அதனைப் பிரித்தறிவது அரிது. 1000 ரூபாய்ச் சம்பளமோ 2021 மார்ச்சில் சம்பள நிர்ணயச் சபையின் வழியாகவே வர்த்தமானியில் வெளியாயிற்று.

ஆகவே, உலாவியைக் காத்தல் தனிமனிதரின் எச்சரிக்கையோடு முடிவதன்று. பெயரேட்டைக் காப்போரும் சான்றளிப்போரும் பொதுமக்களுக்குப் பொறுப்புக் கூறுமிடத்தே அது தொடங்குகின்றது.